லீவில் வந்தவருக்கு வேலை தேடிய கதை

உங்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததில்லை. பார்த்த மீதிப் பேர், "அந்தச் சேச்சி வந்து உட்கார்ந்தால் ரெண்டு சாயா தீரும்வரை எழுந்திருக்க மாட்டாங்க" என்று பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். சொன்னது யார் என்றும் தெரியும். பரவாயில்லை, மூன்று சாயாவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் இருபத்தேழு வருடம் நம் வேலைவாய்ப்பு ஏஜென்சியில்தான் இருந்தேன். உங்களுக்கு இப்போது கலூரில் கண்ணாடிக் கதவு வைத்த, ஏசி போட்ட ஆபீஸ். அன்று நாங்கள் இருந்தது மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு சுக்குக் குடோனுக்கு மேலே. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாத மரப்படி. கீழே மூட்டையைத் தட்டிப் போட்டால் மேலே வேலை தேடி வந்தவர் தும்முவார், எதிரே உட்கார்ந்திருக்கும் நானும் தும்முவேன். இரண்டு பேரும் சேர்ந்து நான்கு முறை தும்மிவிட்டால் அதற்குப் பிறகு வெட்கப்பட ஒன்றும் மிச்சம் இருக்காது. பல பேரை மனம் விட்டுப் பேச வைத்தது என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கலூருக்கு மாறிய பிறகுதான் அது சுக்கின் வேலை என்று தெரிந்தது.

போன வாரம் உங்களில் ஒரு பெண் எனக்கு போன் செய்தாள். காக்கநாட்டில் கம்பெனிகள் ஆளைக் குறைக்கின்றன, பயோடேட்டா வந்து குவிகிறது, வேலைதான் வரவில்லை என்றாள். "ஒரு பட்டனைத் தட்டினா நூறு பேருக்கு 'வருந்துகிறோம்'னு போயிடுது சேச்சி. ஆனா மனசு கேக்கல" என்றாள். மனசு கேட்காமல் இருப்பதே நல்லது. கேட்கத் தொடங்கிவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுங்கள். நம்மிடமே சொல்லிவைத்தால் பார்த்துக்கொடுப்பார்கள்.

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயோடேட்டா எப்படி எழுதுவது, எந்த இணையதளத்தில் போடுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மந்தக் காலத்தில் நான் சொதப்பிய ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று. நான் சேர்ந்த புதிதில் நடந்தது. ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த பெண், வேறு இடம் தேடி எங்களிடம் ரகசியமாக வந்து போயிருந்தாள். இரண்டு நாள் கழித்து அவளுடைய மேனேஜரைப் படகுத்துறையில் பார்த்தேன். எனக்கு அப்போது வாய்க்குப் பூட்டு கிடையாது. "உங்க ஆபீஸ் பொண்ணு எங்க இடத்துக்கு வந்திருந்தாங்களே, நல்ல பொண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். புகழ்ந்ததாகத்தான் நினைப்பு. அந்த வாரமே அவளுக்கு வேலை போனது.

எங்கள் ஏஜென்சியை நடத்தியவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போய், வாசலில் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார். அவளுக்கு ஓர் இடம் கிடைக்கும்வரை வேறு யாருடைய பைலையும் தொடக் கூடாது என்றார். பதினோரு நாள் அவளுக்காக மட்டும் எர்ணாகுளம் முழுக்க அலைந்தேன். கிடைத்த அன்று சார் ஒன்றே ஒன்று சொன்னார்: "இங்க வர்றவங்க பேரு இந்தப் படியை விட்டுக் கீழ இறங்கக் கூடாது." அன்றிலிருந்து என் சொந்தத் தங்கைக்குக்கூட நான் யாரைப் பற்றியும் மூச்சு விட்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். துபாயில் பாதி கட்டிய கட்டடங்களின் மேல் கிரேன்கள் அசையாமல் நின்ற வருடம் அது. விமானம் விமானமாக ஆட்கள் திரும்பி வந்தார்கள். மட்டாஞ்சேரியில் திடீரென்று எல்லாத் தெருவிலும் சென்ட் வாசனை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "லீவுல வந்ததாக்கும்." வேலை போய் வந்தேன் என்று ஒரே ஒருவர்கூடச் சொல்லவில்லை. வளைகுடாவில் அந்த வருடம் எல்லா முதலாளிகளும் மனம் உருகி லீவு கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருநாள் செல்வராஜ் எங்கள் படியேறி வந்தார். பெயரைச் சொல்லியே எழுதலாம் என்று அவரே அனுமதி கொடுத்துவிட்டார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். எங்களைப் போலவே, பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மட்டாஞ்சேரியில் தங்கிவிட்ட குடும்பம். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் பாக்கெட்டில் இரண்டு பேனாவுமாக வந்து உட்கார்ந்தார்.

"ஒரு நண்பருக்கு வேலை வேணும் அக்கா."

"சரி. நண்பர் என்ன வேலை பார்த்தாரு?"

"ஸ்டோர் கீப்பர். பதினாலு வருஷம்."

"குடும்பம்?"

"பொண்டாட்டி உண்டு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் சிரிக்காமல் இருக்க மேசைக்குள் எதையோ தேடினேன். நல்லவேளையாகக் கீழே மூட்டை விழுந்தது, இரண்டு பேரும் தும்மினோம். அதன்பின் நண்பரைக் கைவிட்டு உண்மையைச் சொன்னார். கம்பெனி மூடிவிட்டது. மனைவி மல்லிகாவிடம் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் தெரியாது. அறுபது நாள் லீவு, மே மாதக் கடைசியில் திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறார். அதற்குள் இங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டால், "துபாய் எதுக்கு, இங்கயே நல்ல இடம் கிடைச்சது" என்று தலை நிமிர்ந்து சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு.

"சொன்னா மல்லிகா தாங்கமாட்டா அக்கா. போன வருஷம்தான் எனக்குப் புரமோஷன்னு தெரு முழுக்க லட்டு கொடுத்தா" என்றார்.

இங்கேதான் நான் என் அனுபவத்தைக் காட்டினேன். எங்கள் தொழிலில் அப்போது ஒரு பழைய விதி உண்டு. கையில் வேலை இருப்பவரைத்தான் முதலாளிக்குப் பிடிக்கும். வேலை இல்லாதவர் என்றால் ஏதோ குறை இருக்குமோ என்று யோசிப்பார்கள். ஆகவே செல்வராஜிடம், "கம்பெனிக்காரங்ககிட்டயும் லீவுல வந்ததாவே சொல்லுங்க. நல்ல இடம் கிடைச்சா இங்கயே இருக்கலாம்னு பார்க்கிறேன்னு சொல்லுங்க. மதிப்பு கூடும்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மூன்று இடங்களுக்கு அனுப்பினேன். திருப்பூணித்துறையில் ஒரு மொத்த மருந்துக் கிடங்கு, துறைமுகத்தின் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி, வைட்டிலாவில் ஒரு பார்சல் கம்பெனி. மூன்று இடத்திலும் நன்றாகப் பேசினார்கள், சாயா கொடுத்தார்கள், அப்புறம் கூப்பிடவே இல்லை. செல்வராஜ் நாளுக்கு நாள் இளைத்தார். சட்டையில் இஸ்திரி மட்டும் குறையவில்லை.

வைட்டிலா பார்சல் கம்பெனியின் முதலாளி பேபிச்சேட்டன் எங்களுக்குப் பழைய வாடிக்கையாளர். வளைகுடாவுக்கும் இங்குமாகச் சரக்கு அனுப்புகிறவர். பாதித் தமிழ் பேசுவார், லோடு ஏற்றுபவர்களிடம் கற்ற தமிழ். மே மாதம் பிறந்ததும் அவரை போனில் பிடித்து, எங்கள் ஆளுக்கு என்ன குறை என்று கேட்டேன்.

"குறையோ? ஒரு குறையும் இல்லா சேச்சி. நல்ல ஆளு. பக்ஷே லீவுக்கு வந்த ஆளல்லே? நான் வேலை படிப்பிச்சு விடும். ரெண்டு மாசத்துல துபாய் சரியாகும். அவன் பறந்து போகும். எனக்கு எந்தினா, எதுக்கு?"

ரிசீவரை வைத்ததும் மறுபடி எடுத்தேன். மற்ற இரண்டு இடத்திலும் விசாரித்தேன். அதே பதில். நல்ல காலத்தில் மதிப்பைக் கூட்டிய அந்த ஒரு வார்த்தை, மந்தக் காலத்தில் ஆளைக் கவிழ்த்துவிட்டது. போகாமல் நிற்கிற ஆள்தான் அப்போது எல்லோருக்கும் வேண்டியிருந்தது. என் விதி காலாவதியானது எனக்குத் தெரியவில்லை. அதற்கு விலையாகப் போனது செல்வராஜின் நான்கு வாரங்கள். எனக்கு என் மேலேயே அவ்வளவு கோபம் வந்தது.

உடனே அவரை வரவழைத்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். "இனிமே வேலை போச்சுன்னே சொல்லுங்க. பேபிச்சேட்டன் இப்பவே எடுத்துப்பாரு" என்றேன்.

அவர் தலையாட்டவே இல்லை. "அவரோட வண்டி ஓட்டுறவன் வீடு எங்க தெருவுக்குப் பின்னாலயாக்கும். காலைல வைட்டிலாவுல சொன்னா சாயங்காலம் மல்லிகா காதுக்கு வந்துரும்" என்றார். பிறகு இன்னொரு திட்டம் சொன்னார். சொன்ன தேதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஏர்போர்ட் வரை யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுவாராம். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் தெரிந்தவர் இருக்கிறாராம். வீட்டுக்கு துபாயில் இருப்பதாகவே பேசிக்கொள்வாராம்.

"போன்ல திருப்பூர் நம்பர் வருமே?" என்றேன்.

"நெட்டுல கூப்பிட்டா எந்த நம்பரும் சரியா வராது அக்கா. அதெல்லாம் யோசிச்சாச்சு."

எல்லாம்தான் யோசித்திருந்தார். பார்சலை மட்டும் யோசிக்கவில்லை.

உங்களில் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே லீவு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிற எவரும் தன் பொருளை மட்டும் கொண்டுபோக முடியாது. போகிற தேதி தெரிந்தால் போதும், தெருவில் யார் யார் பிள்ளை அங்கே இருக்கிறானோ அவர்கள் எல்லோரும் பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். முடியாது என்று சொல்கிற வழக்கமே இல்லை. இன்று நீ கொண்டுபோனால் நாளை உனக்கு இன்னொருவன் கொண்டுவருவான். பதினாலு வருடமும் செல்வராஜ் எல்லோருக்கும் சுமந்தவர். இந்த முறையும் தேதி தெரிந்ததும் அவர் வீட்டில் வந்து குவிந்தது: நேந்திரங்காய் சிப்ஸ், உணக்கச் செம்மீன் என்கிற காய்ந்த இறால், மாங்காய் ஊறுகாய், அப்பளம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். மல்லிகா ஒவ்வொன்றையும் சிரித்த முகமாக வாங்கி வைத்தாராம். மொத்தம் பதினெட்டுப் பார்சல்.

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்னால், காலை பத்து மணிக்கு, செல்வராஜ் இரண்டு பெரிய சாக்குப் பைகளோடு எங்கள் படியேறினார். முகம் வெளுத்திருந்தது. பையை வைத்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பக்கத்து வீட்டு ஆயிஷும்மா கொடுத்தது. அவர் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். அவனுக்கும் வேலை போய்விட்டது, ஆனால் வேறொரு கம்பெனி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. ஒரே நிபந்தனை, அசல் சான்றிதழ்களை அடுத்த வாரத்துக்குள் காட்ட வேண்டும். தபாலையோ கூரியரையோ ஆயிஷும்மா நம்பவில்லை. அசல் அல்லவா, தொலைந்தால் மறுபடி கிடைக்குமா? செல்வராஜின் கையைப் பிடித்து, "மோனே, நீ போகுன்னது எண்டெ பாக்கியம்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"ஊறுகாயைத் திருப்பூர்ல சோத்துல போட்டுக்கூடத் தின்னுருவேன் அக்கா" என்றார் செல்வராஜ். உறையைத் தொட்டுக் காட்டினார். "இதை என்ன செய்ய? ஒரு பையனோட வேலையாக்கும். ஆராவது நிஜமா போறவங்க உண்டா, சொல்லுங்க. எல்லாத்தையும் கொடுத்து விட்டிரலாம்."

அந்த மாதம் அங்கிருந்து வருகிறவர்கள்தான் எங்களுக்குத் தெரிந்தவர்கள். போகிறவர் ஒருவரும் இல்லை. பேபிச்சேட்டனின் ஆட்கள் மட்டும் வாரம் இரண்டு முறை சரக்கோடு போவார்கள். யாருடையது என்று சொல்லாமல், கொஞ்சம் பார்சல் இருக்கிறது என்று அவரைத்தான் கூப்பிட்டேன். துறைமுகத்தில் ஒரு வேலை இருக்கிறது, பதினொன்றரைக்கு மட்டாஞ்சேரி வழியாக வருகிறேன் என்றார்.

"வர்றதுக்குள்ள எல்லாத்தையும் அவங்க எடுத்துப் போற மாதிரி அடுக்கி வையுங்க" என்று செல்வராஜிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அப்போது என் மனதில் பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஆள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்க்க முடியாமல் சொன்னேன்.

பிறகு நடந்ததை நான் என் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தேன். செல்வராஜ் முழுக்கையை மடித்துவிட்டார். பதினெட்டுப் பார்சலையும் தரையில் பரப்பி, முகவரியைப் படித்து, துபாயின் தேரா, ஷார்ஜா, அபுதாபி என்று மூன்றாகப் பிரித்தார். எண்ணெய்ப் புட்டிகளின் மூடியைத் திறந்து பிளாஸ்டிக் தாள் வைத்து மறுபடி முறுக்கினார். செம்மீனைத் துணிமணிக்குப் பக்கத்தில் வைக்காமல் ஒதுக்கினார். குடோனிலிருந்து மூன்று காலி அட்டைப் பெட்டி வாங்கி வந்தார். ஒவ்வொரு பார்சலையும் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு எடையை எழுதினார். பார்த்துப் பார்த்துப் பட்டியல் எழுதி, கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்தார். வந்த முகவாட்டம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஏழு வாரமாக என் எதிரில் குனிந்து உட்கார்ந்திருந்த ஆள் இவர்தானா என்று இருந்தது. அவருடைய பயோடேட்டாவை மூன்று முறை திருத்தி எழுதியவள் நான். அவர் வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

பேபிச்சேட்டன் பதினொன்றரைக்கு வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். பட்டியலைப் படித்தார். "எடை போட்டது எவிடெ?" என்றார்.

"கையில" என்றார் செல்வராஜ்.

பேபிச்சேட்டன் நம்பவில்லை. ஷார்ஜா பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கீழே போய், குடோன் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க மேலே வந்தார். கால் கிலோகூட வித்தியாசம் இல்லை. பெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு செல்வராஜைப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"நீ எப்பழா திரும்பிப் போகுன்னது?"

சரியாக அந்த நேரத்தில் படிக்குக் கீழேயிருந்து சத்தம் வந்தது. "செல்வராஜே! எடா செல்வராஜே!" ஆயிஷும்மா. சான்றிதழ் உறையில் மகனின் போட்டோவை வைக்க மறந்துவிட்டாராம். செல்வராஜ் பையோடு இங்கே ஏறியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். செருப்புச் சத்தம் முதல் படியில் கேட்டது.

நான் படிக்கட்டுக்கு மிக அருகில் நின்றிருந்தேன். இரண்டு எட்டு வைத்தால் பாதியில் நிறுத்தி, போட்டோவை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிடலாம். சார் அன்று ஆபீஸில் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். என் கை கைப்பிடியில் இருந்தது. நான்கு நாளில் இந்த ஆள் திருப்பூர் பஸ்ஸில் இருப்பார், அதன்பின் எத்தனை வருடம் பொய் நம்பரிலிருந்து பேசிக்கொண்டிருப்பாரோ என்று தோன்றியது. ஆயிஷும்மாவிடம் சொன்னால் மட்டாஞ்சேரி முழுவதற்கும் சொன்ன மாதிரி, அதுவும் தெரியும். நான் கைப்பிடியை விட்டு, ஆயிஷும்மாவுக்கு வழிவிட்டு விலகி நின்றேன்.

அது சரியா தவறா என்று என்னைக் கேட்காதீர்கள். அவருடைய ரகசியத்தைப் பற்றி முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் எடுத்தேன். நான் வாயைத் திறக்கவில்லை, வழிதான் விட்டேன் என்று அன்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது வக்கீல் பேச்சு என்று எனக்கும் தெரியும்.

ஆயிஷும்மா உள்ளே வந்து மூச்சு வாங்கினார். செல்வராஜ் அவரைப் பார்த்தார், பேபிச்சேட்டனைப் பார்த்தார். நான்கு நாளில் போகிறேன் என்று சொன்னால் ஆயிஷும்மா வாழ்த்திவிட்டுப் போய்விடுவார், கூடவே வேலையும் போய்விடும்.

"போகல" என்றார். "போக எடமில்ல. கம்பெனி பூட்டியாச்சு. எனக்கு வேலை போச்சு சேட்டா."

ஆயிஷும்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது ஒன்றுதான்: "அப்போ சர்டிபிகேட்டு?"

பேபிச்சேட்டன் சிரித்துவிட்டார். எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, செல்வராஜுக்கும்தான், கண்ணில் தண்ணீரோடு. வியாழக்கிழமை தன் மருமகனே நேரில் போகிறான், உறையை அவன் கையில் கொடுத்துப் பையன் கையில் சேர்ப்பேன் என்று பேபிச்சேட்டன் வாக்குக் கொடுத்தார். ஆயிஷும்மா போட்டோவை உறைக்குள் வைத்து ஒட்டினார். பிறகு செல்வராஜின் தோளில் லேசாக ஓர் அடி வைத்தார். "எண்டெ மோனும் வேலை போனதை மூணு மாசம் என்னோடு பறஞ்ஞில்லா, மறைச்சான். நீயும் அதே கூட்டம்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பேபிச்சேட்டன் பெட்டிகளைத் தன் வண்டியில் ஏற்றச் சொன்னார். "பதினெட்டு வீட்டுக்காரும் தபாலை நம்பூல்லா. நின்னெ நம்பும். எனக்கு அது மதி, போதும். திங்களாழ்ச்சை வா" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

அவர் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. செல்வராஜுக்கு நான் சாயா சொல்லியிருந்தேன், சாயாவுக்கு முன்னால் மல்லிகா வந்துவிட்டார். ஆயிஷும்மாவின் வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். அடுப்பிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார், கையில் மஞ்சள் கறை. செல்வராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, போகவும் வழியில்லை. ஒரே படி, அதன் வாசலில் மல்லிகா.

"மல்லிகா, கம்பெனிக்காரங்ககிட்ட லீவுன்னு சொல்லச் சொன்னது நான்தாம்மா. என் தப்பு" என்று முந்திக்கொண்டேன்.

"நீங்க கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லச் சொன்னீங்க அக்கா. வேலை போனதை ஆயிஷும்மா சொன்னாங்க" என்றார் மல்லிகா. பார்வை என் பக்கம் திரும்பவே இல்லை. "என்கிட்டச் சொல்லச் சொன்னது ஆரு?"

செல்வராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். திங்கட்கிழமை, வைட்டிலா, வேலை என்று சில வார்த்தைகள் வந்தன. மல்லிகா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேலை போனா போகட்டும். பதினாலு வருஷத்துல நீங்க ரெண்டு மாசம் சேர்ந்தாப்புல வீட்டுல இருந்தது இதான் முதல் தடவை. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நீங்க வந்த அன்னையில இருந்து காலண்டர்ல ஒவ்வொரு நாளா அடிச்சிட்டே வந்தேன். இன்னும் நாப்பது நாள்தான், இன்னும் இருபது நாள்தான்னு. நீங்க சோறு திங்கும்போதும் அதே நெனப்பு. பிள்ளைங்களோட சிரிச்சிட்டு இருக்கும்போதும் அதே நெனப்பு. போகலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவ்வளவு நாளும் நான் சந்தோஷமா இருந்திருப்பேனே."

நான் என் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அன்று அந்த அறையில் யாருக்கும் அது நினைவு வரவில்லை, எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

மல்லிகா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் ஓர் அடி இறங்கினார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"வாங்க வீட்டுக்கு. உங்க பெட்டியைக் கட்டினது நான். பிரிக்கிறது நீங்க."